பதினாலாம் கட்டையில் கேட்ட பெயர்

பிரிக்பீல்ட்ஸில் வாடகை மோட்டார் ஓட்டிய பக்கிரிசாமிக்கு அந்தப் பெயரைப் பெற்றவர்கள் வைக்கவில்லை. அது செத்துப்போன ஒருவனுடைய பெயர். அவருடைய சொந்தப் பெயர் தம்புசாமி. 1932-ஆம் வருஷத்தில் இந்தச் சங்கதி தெரிந்தவர் மலாயா முழுவதிலும் ஒரே ஒருத்தர்தான். அது அவரேதான்.

மோட்டார் ஸ்டாண்டில் அவருக்குச் செவிட்டுப் பக்கிரி என்று பட்டம். காது என்னவோ நன்றாகவே கேட்கும். எஞ்சினில் ஒரு திருகாணி தளர்ந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எதுவென்று சொல்லிவிடுவார். ஆனால் பின்னால் நின்று யாராவது "பக்கிரிசாமி அண்ணே" என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாம் தரம் கூப்பிட்டாலும் மாட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான், "இருக்கேன், சொல்லுங்க" என்பார். கர்வம் பிடித்த மனுஷன் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேசிவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

காரணம், நம் ஜனங்களுக்குள் வழங்கும் பழைய எச்சரிக்கைதான். முகம் தெரியாத இடத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக்கூடாது. மனுஷனாக இருந்தால் மூன்றாம் தரமும் கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நின்றுவிடும். அதற்குக் குரல் கொடுத்தவன் தொலைந்தான். மற்றவர்கள் இதை இருட்டுக்கும் சுடுகாட்டுப் பக்கத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். இவரோ பட்டப்பகலில், பிரிக்பீல்ட்ஸ் நடுத்தெருவில், புட்டு விற்கிறவள் கூப்பிட்டாலும் இதையே கடைப்பிடித்தார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார்களும் வியாபாரிகளின் குடும்பங்களும் கோம்பாக் பள்ளத்தாக்கைப் பார்க்க மோட்டார் பிடிப்பார்கள். செத்தாப்பாக் தாண்டி, ரப்பர் தோட்டத்துக் கித்தா மரங்கள் முடிந்து, மோட்டார் போகிற சடக்கு ஆற்றோரமாக மலை ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் பாறை பாறையாகத் தாவி வரும் தண்ணீர். மறுபக்கம் மூங்கிலும் பெரணியும். பட்டணத்துப் புழுக்கம் கழன்று, காற்று ஈரத்துணி போல முகத்தில் படும். வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சமயத்தில்தான், மைல் கல்லான பதிமூன்றாம் கட்டை தாண்டியதும், நம் ஆள் ஹாரன் குமிழை அமுக்க ஆரம்பிப்பார். பதினைந்தாம் கட்டை வரை, இரண்டு மைல் தூரமும், கை ஓயாமல் அமுக்குவார். எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இருக்காது. துரைசானிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். வளைவு ஜாஸ்தி, அபாயம் என்பார் அவர்.

அபாயம் என்றது பொய்யில்லை. அது வளைவில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சடக்கைப் போட்ட கூலிகளில் அவரும் ஒருவர். 1913-இல் அவருக்கு இருபத்துமூன்று வயசு. ஆற்றோரத்தில் வரிசைக் குடிசையாக லயம் போட்டுத் தங்கியிருந்தார்கள். பக்கத்துப் பாயில் படுத்தவன் பக்கிரிசாமி. ஒரே கப்பலில் வந்தவன், ஒரே சட்டியில் சாப்பிட்டவன். ஊரில் கர்ப்பிணிப் பெண்டாட்டியை விட்டு வந்தவன். தினம் விடியும்போது ஆள் எண்ணும் பெரட்டு நடக்கும். கங்காணி பழனியப்பன் பெயர் பெயராகக் கூப்பிடுவார், அவனவன் "இருக்கேன்" என்பான், கணக்கெழுதும் கிராணி குறித்துக்கொள்வான். குரல் வராதவன் வேலைக்கு வராதவன். அனுமதியில்லாமல் வேலைக்கு வராதவனுக்கு அந்தக் காலத்தில் ஜெயில்.

தைப்பூசம் வந்தது. பத்துமலை நடந்து போகிற தூரம்தான், ஆனால் லீவு கிடையாது. தம்புசாமி தாயாருக்காக முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தான். அந்த வாரம் பக்கிரிசாமி காய்ச்சலில் கிடந்தான். சிக் லிஸ்டில் பெயர் ஏறியிருந்ததால் அவனுக்குப் பெரட்டு இல்லை.

"நீ போய்ட்டு வாடா," என்றான் பக்கிரிசாமி. "ஒம் பேரைக் கூப்பிட்டா நான் இருக்கேன்னு சொல்லிடுறேன். கிராணி புதுசு, மூஞ்சி தெரியாது. காய்ச்சலும் கொறைஞ்சிருக்கு. ஒரு நாள்தானே."

தம்புசாமி வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னான். இரண்டாம் தரம் சொல்லவில்லை. அந்த இரண்டாம் தரத்துக்காக மனுஷன் வாழ்நாள் முழுக்க ஏங்கினார் என்றால் நம்புங்கள்.

சாயங்காலம் மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் திருநீறுமாகத் திரும்பி வந்தபோது லயமே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது. யாருக்கு என்று கேட்டான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பதினாலாம் கட்டைக்கு மேலே மண் சரிந்து ஒருவன் போய்விட்டான். கிராணியின் புத்தகத்தில் செத்தவன் பெயர் தம்புசாமி.

பழனியப்பன் அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "எழுதினது எழுதினதுதான்டா. காய்ச்சக்காரனைப் பொய்ப் பேர்ல வேலைக்கு ஏத்தினேன்னு தெரிஞ்சா என் கதி என்ன? நீ வேலையை விட்டு ஓடினவன்னு தெரிஞ்சா ஒன் கதி என்ன? இன்னியிலேர்ந்து நீ பக்கிரிசாமி. வாயத் தொறக்காதே."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே தலை வேறொருவனுடையது. சடலத்தைப் பதினாலாம் கட்டைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். மைல் கல் எங்கும் போகாது, பின்னால் யாராவது தேடி வந்தால் அடையாளம் இருக்கும் என்று கங்காணி சொன்னார். தேடி வருவதற்கு அங்கே செத்ததாக எழுதப்பட்டவனுக்கு ஒரு தாயார்தான் இருந்தாள். அவளுக்குக் கடிதாசி போயிற்று. அவள் மகனுக்குக் கருமாதி செய்து, இரண்டு வருஷத்தில் தானும் கண்ணை மூடினாள். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கப்பலேறி வந்து பேச்சுவாக்கில் சொல்லித்தான் தம்புசாமிக்கே தெரிந்தது. அழக்கூட முடியவில்லை. பக்கிரிசாமிக்கு அவள் என்ன உறவு?

மண் சரிந்து பதினைந்து நாளில் பக்கிரிசாமிக்கு ஊரிலிருந்து கடிதாசி வந்தது. பெண் பிறந்திருக்கிறது, என்ன பெயர் வைக்கட்டும் என்று பெண்டாட்டி கேட்டிருந்தாள். தம்புசாமி அதை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். நாலாம் நாள், நல்லம்மாள் என்று வை என்று பதில் எழுதினான். அது அவனுடைய தாயார் பெயர்.

ஒரு பொய்க்குக் காவலாக ஒன்பது பொய் வேண்டும். கடிதாசி எழுதினான், மணியார்டர் அனுப்பினான், எழுதிக்கொண்டே இருந்தான். ஊருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் ஏதாவது ஒரு காரணம். எழுத வேறு விஷயம் இல்லாதபோது அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதினான். பாறை மேல் வெள்ளைப் பூ உதிர்ந்து தண்ணீரோடு போவதை, ஈர மணலில் மஞ்சள் பட்டாம்பூச்சி கூட்டமாக உட்கார்வதை. நல்லம்மாள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு தானே பதில் எழுத ஆரம்பித்தாள். அப்புறம் அது காவல் பொய்யாகவும் இல்லை. அந்தப் பெண் எழுத்துக்காக மனுஷன் தபால்காரனைத் தெருமுனை வரை போய் எதிர்கொண்டார். மோட்டார் பழகி, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்து, கல்யாணமே செய்துகொள்ளாமல், கடல் தாண்டிய ஒரு பிள்ளைக்குத் தகப்பனாக வாழ்ந்தார்.

மோட்டாரோடு அந்தச் சடக்கில் முதல் தரம் ஏறியபோதுதான் அதைக் கேட்டார்.

"தம்புசாமி."

ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. அதட்டலாக இல்லை, அழுகையாகவும் இல்லை. சாப்பிட வாடா என்று கூப்பிடுகிற சாதாரணக் குரல். கொஞ்சம் காய்ச்சல் கரகரப்பு. பின்னால் இருந்த துரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வளைவு திரும்பியதும் இன்னொரு தரம், இப்போது எதிரே மலைச் சரிவிலிருந்து, மோட்டாருக்கு முன்னால் ஓடிப் போய் நின்றுகொண்டது போல.

"தம்புசாமி."

அதோடு நின்றுவிட்டது. போகும்போது இரண்டு, திரும்பும்போது இரண்டு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மூன்றாவது வந்ததே இல்லை. பழனியப்பனும் செத்துப்போய், லயத்து ஆட்களும் செத்தும் ஊர் திரும்பியும் தீர்ந்துபோய், அந்தப் பெயர் தெரிந்த உயிர் ஒன்றும் மிச்சமில்லாத நாட்டில் அது மட்டும் மறக்காமல் கூப்பிட்டது. ஹாரன் குமிழை அவர் கண்டுபிடித்தது அப்போதுதான். முறை வரும்போது சவாரியை மறுக்க முடியாது, மறுத்தால் ஏன் என்பார்கள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும்.

1931-இல் ஊரில் பக்கிரிசாமியின் பெண்டாட்டி இறந்தாள். கொஞ்ச நாளில் நல்லம்மாள், ரயில்வேயில் வேலை கிடைத்த புருஷன் சபாபதியோடு கப்பலில் வந்து இறங்கினாள். கிள்ளான் தாண்டித் துறைமுகத்தில் இவர் காத்து நின்றார். தகப்பன் முகம் அவளுக்குத் தெரியாது. இவர் முகத்தைப் பார்த்தாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள், "அப்பா" என்றாள். முதல் தடவையிலேயே இவர் குரல் கொடுத்துவிட்டார். அவள் கூப்பிட்டால் மட்டும் எப்போதும் முதல் தடவையிலேயே.

அவர்களுக்கும் பிரிக்பீல்ட்ஸிலேயே ரயில்வே வீடு. தினம் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து ஸ்டாண்டில் வைப்பாள். இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்ததும் அவளுக்கு ஓர் ஆசை வந்தது.

"அப்பா போட்ட ரோட்டைப் பாக்கணும். கடிதாசில எழுதுவீங்களே, அந்த ஆறு. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"காடும்மா அது. மாசமா இருக்கிற பொண்ணு போற எடமா?"

"மாசமா இருக்கிறவ ஆசைப்பட்டதைச் செய்யலேன்னா பிள்ளைக்குக் காது சீழ் வடியும்னு சொல்லுவாங்க. அப்புறம் ஒங்க இஷ்டம்."

இப்படிச் சொன்னால் எந்தத் தகப்பன் மறுப்பான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சபாபதி வேலைக்குப் போனதும், இருவரும் புறப்பட்டார்கள். அவள் பின்னால் உட்காரவில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு மாதிரி அந்தப் பள்ளத்தாக்கு அழகாக இருந்ததில்லை என்று பின்னால் அவர் சொன்னதுண்டு. முதல் நாள் மழை பெய்திருந்தது. மூங்கில் நுனிகளில் தண்ணீர் சொட்டியது. வெயில் இலைகளுக்குள் புகுந்து சடக்கில் சல்லடை போட்டது. நல்லம்மாள் கையை வெளியே நீட்டி ஈரக்காற்றைப் பிடித்துப் பிடித்துச் சிரித்தாள். பதிமூன்றாம் கட்டை வந்தது. அவர் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று.

நாலு தடவை அமுக்கியிருப்பார். அவள் தன் கையை அவர் கை மேல் வைத்தாள். "வேண்டாம்ப்பா. தண்ணிச் சத்தம் கேக்கட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பத்து வருஷமாகப் போட்டிருந்த தாழ்ப்பாளை அந்தப் பெண் ஒரு விரலால் திறந்துவிட்டாள். ஆற்றுச் சத்தம் மோட்டாருக்குள் ஏறி உட்கார்ந்தது. கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட ஆரம்பித்தது. வண்டி முனகிக்கொண்டு நின்ற இடம் எது என்று பார்க்க அவருக்குக் கல் தேவைப்படவில்லை.

"இதுதானேப்பா அந்த எடம்? அதோ பாறை, வெள்ளைப் பூ," என்று நல்லம்மாள் இறங்கிவிட்டாள். பதினாலாம் கட்டையின் தலையில் கையை ஊன்றிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சுற்றிப் பார்த்தாள். அவள் கால் பக்கிரிசாமியைப் புதைத்த மண்ணில் இருந்தது. தள்ளி நில் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. தகரத்தை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ள ஆற்றில் இறங்கினார்.

தகரம் பாதி நிறைந்தபோது சில்வண்டுகள் நின்றன. காடு முழுக்க, எல்லாம் ஒரே சமயத்தில்.

"தம்புசாமி."

இவ்வளவு பக்கத்தில் அதைக் கேட்டதே இல்லை. எதிர்க்கரை மூங்கிலுக்குள்ளிருந்து வந்தது. அவர் அசையவில்லை. இத்தனை வருஷமும் மனசுக்குள் ஓர் ஆறுதல் வைத்திருந்தார்: இது வெளியில் இல்லை, என் காதுக்குள் இருக்கிறது, செய்த பாவம் காதில் ஒலிக்கிறது என்று.

மேலே சடக்கிலிருந்து நல்லம்மாள் குரல் வந்தது. "அப்பா, யாரோ கூப்பிடுறாங்க."

தகரம் கை நழுவி ஆற்றோடு போயிற்று. அவர் பாறையைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். கால் வழுக்கியது.

"தம்புசாமி."

இப்போது மேலே, பழைய மண் சரிவிலிருந்து. நல்லம்மாள் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "மேல ஆள் இருக்காப்பல. தம்புசாமின்னு யாரையோ தேடுறாரு, பாவம். காய்ச்சக்காரர் கொரல் மாதிரி இருக்கு. இங்க ஆளு இருக்குன்னு சொல்லுவோம்ப்பா."

அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். அப்போது அவர் கண்டதைச் சொல்கிறேன். அங்கே அவர் மகளைப் பார்க்கவில்லை. பெரட்டுக் களத்தில், அரையிருட்டில், போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்ற பக்கிரிசாமியைக் கண்டார். அதே நெற்றி, அதே மூக்கு. அதே இளகிய மனசு, யாரோ ஒருவன் பெயருக்குத் தான் குரல் கொடுக்கப் போகிறது. அந்தப் பெயருக்குப் பதில் சொன்னவனை அந்த மலை ஒரு தரம் எடுத்துக்கொண்டது. இப்போது வயிற்றுப் பிள்ளையோடு அவன் மகள் மூச்சை இழுக்கிறாள்.

"இருக்கேன்," என்று கத்தினார். தொண்டை கிழிந்தது. "தம்புசாமி இருக்கேன். நான்தான்டா தம்புசாமி."

மலை அதை வாங்கி இரண்டு மூன்று மடக்கில் சுழற்றி அடக்கிக்கொண்டது. சரிவிலிருந்து ஒரு பிடி செம்மண் பொலபொலவென்று உருண்டு வந்து மைல் கல்லடியில் நின்றது. வேறொன்றும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சில்வண்டுகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

நல்லம்மாள் குவித்த கையைக் கீழே விடவில்லை. "நீங்க ஏம்ப்பா பதில் சொன்னீங்க?"

சொல்லிவிட்டார். சடக்கோரத்தில் நின்றபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், தைப்பூசத்திலிருந்து துறைமுகம் வரை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் நின்ற இடத்தையும் காட்டினார். அவள் மெதுவாக இரண்டு அடி நகர்ந்தாள். குனிந்து அந்த மண்ணைப் பார்த்தாள்.

"எங்கம்மா பூவும் பொட்டுமா போனா," என்றாள். "சுமங்கலியாப் போறா, குடுத்து வெச்சவன்னு ஊரே சொல்லுச்சு. கால்ல விழுந்து கும்பிட்டாங்க."

அவர் மைல் கல்லடியில் கிடந்த செம்மண்ணைக் கையால் ஒதுக்கினார்.

"எங்கப்பாவுக்குக் கருமாதி யாரு பண்ணாங்க?"

"யாரும் பண்ணலம்மா. எனக்குத்தான் பண்ணாங்க."

அவர் இன்னொரு தகரத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வண்டியைத் திருப்பினார். நல்லம்மாள் பின் கதவைத் திறந்து, வாடகைக்கு வந்தவளைப் போலப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். பதிமூன்றாம் கட்டை வரை அவர் ஹாரனைத் தொடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓட்டினார். இறங்கும்போது வழக்கமாக வரும் இரண்டும் வரவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் வரை காதில் கூடவே வந்தது. வீட்டு வாசலில் அவள் தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாள்.

அந்த வாரம் தூக்குச்சட்டி வரவில்லை. செவிட்டுப் பக்கிரி சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டார், பாதியில் எழுந்தார். போலீசுக்குச் சொல்வாளோ என்று அவர் பயப்படவில்லை. லைசென்ஸ் போகட்டும், ஜெயிலுக்கே போகட்டும். அப்பா என்று ஒரு குரல் இருந்தது, அது போய்விட்டது. பள்ளத்தாக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்ததும் போய்விட்டது. மனுஷரும் கூப்பிடாமல் மற்றதும் கூப்பிடாமல் ஒருவன் எத்தனை நாள் இருக்க முடியும்? தான் இருக்கிறோமா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டாண்டில் நாலைந்து டிரைவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் குனிந்து சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்புசாமி சித்தப்பா."

கை நின்றது. அவர் நிமிரவில்லை.

"தம்புசாமி சித்தப்பா."

டிரைவர்கள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, யாரைக் கூப்பிடுகிறாள் இந்தப் பெண் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஆகிவிட்டது. இரண்டுக்கு மேல் அந்தப் பெயருக்கு வந்ததில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"தம்புசாமி சித்தப்பா. வண்டிய எடுங்க. எங்கப்பாவுக்குச் செய்ய வேண்டியது இருக்கு."

திரும்பினார். தேங்காயும் எள்ளும் பச்சரிசியும் வைத்த பையை வயிற்றின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு நல்லம்மாள் நின்றாள்.

"இருக்கேன்மா," என்றார் தம்புசாமி.